நெல் கலப்பில் மெண்டல் கணக்கு எங்கே பிசகுகிறது

வீட்டுத் தொட்டியிலும் வயல் மூலையிலும் நெல்லுக்கு நெல் கலப்புச் செய்து பார்க்கும் டெல்டா இளைஞர்கள் பலருக்கு ஆசை ஒன்றுதான். மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு அரிசி, ஆடுதுறை 43-இன் குட்டைச் செடியில் விளைய வேண்டும். மார்கழி மழையில் உயர ரகம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். அட்டை கட்ட மறப்பது, மகரந்தப் பை ஒன்றை விட்டுவிடுவது போன்ற கைப்பிசகுகளை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு போகத்தில் தானே சரியாகிவிடும்.

கலப்பு விதையின் நிறத்தைப் பார்த்துத் தூக்கிப் போடுவது

43 தாய், சம்பா தந்தை. முந்தின நாள் சாயங்காலம் உமியின் நுனியை நறுக்கி ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, மறுநாள் பத்து மணிவாக்கில் பூ விரியும்போது சம்பாக் கதிரை மேலே தட்டுகிறார்கள். ஒரு மாதத்தில் மணி முற்றுகிறது. உமியை நறுக்கியதால் அரிசியின் நுனி வெளியே தெரியும். வெள்ளையாக. "சிவப்புதானே ஓங்கு பண்பு? அப்போ கலப்பு சேரவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு தம்பி, இப்படி ஒரு கதிரையே கோழிக்குப் போட்டுவிட்டு வந்து, "என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். கோழிக்குப் போட்டதுதான் தப்பு, வேறென்ன!

பாடப்புத்தகப் பட்டாணிதான் இவர்களை ஏமாற்றுகிறது. பட்டாணியின் மஞ்சளும் பச்சையும் உள்ளிருக்கும் விதையிலைகளின் நிறம், அதாவது பிள்ளையின் நிறம். அதனால்தான் மரபியலின் முன்னோடி மெண்டலால் விதைகளையே எண்ண முடிந்தது: 1866-இல் வெளியான கட்டுரையில் மஞ்சள் 6022, பச்சை 2001, அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நெல்லின் சிவப்போ தவிட்டுத் தோலில் இருக்கிறது. அந்தத் தோல் தாய்ச்செடியின் சூலகச் சுவரிலிருந்து வருவது. அதை வைத்துக் கலப்பைத் தீர்மானிப்பது, சேலையில் சுற்றிய குழந்தையின் நிறத்தைச் சேலையைப் பார்த்துச் சொல்வது போலத்தான்.

ஆகவே நிறம் ஒரு தலைமுறை தாமதமாகத்தான் தெரியும். அந்த வெள்ளை விதையை முளைக்கப் போடுங்கள். குட்டை ஒடுங்கு பண்பு (ஓங்கு பண்போடு சேர்ந்தால் மறைந்து நிற்பது) என்பதால், செடி உயரமாக வந்தால் கலப்பு சேர்ந்துவிட்டது. தன் மகரந்தமே சேர்ந்திருந்தால் தாயைப் போலக் குட்டையாகவே நிற்கும். கலப்புச் செடியின் கதிரில் எல்லா மணியும் சிவப்பாக இருக்கும். அடுத்த ஏமாற்றம் இங்கே: அந்த நெல்லை உடைத்துக் கால் பங்கு வெள்ளையைத் தேடுகிறார்கள். ஒன்றுகூட இருக்காது. அதை விதைத்து வளரும் செடிகளில்தான் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று என்று பிரியும், அதுவும் செடிவாரியாக. ஒவ்வொரு செடியின் கதிரையும் தனித்தனி உறையில் போடாமல் மொத்தமாக அடித்தால் கணக்கு போச்சு.

ஒட்டரிசிப் பண்பு வேறு. அது பிள்ளைக்கே சொந்தமான மாவுப் பகுதியில் இருப்பதால் கலப்புச் செடியின் ஒரே கதிருக்குள் 3:1 பிரியும். வெட்டிய அரிசியில் அயோடின் ஒரு சொட்டு விட்டால் சாதா அரிசி கருநீலமாகும், ஒட்டரிசி செம்பழுப்பாகும்.

பத்துச் செடி நட்டுவிட்டு விகிதம் தேடுவது

கலப்புச் செடியின் விதையை விதைத்தால் நாலில் ஒன்றுதான் குட்டை. ஒரு குட்டைச் செடியாவது வர 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 11 செடி நட வேண்டும். குட்டையும் சிவப்பும் சேர்ந்து வருவது பதினாறில் மூன்று. அந்த மூன்றிலும் ஒன்றுதான் மேற்கொண்டு பிரியாமல் நிலைக்கும். அதற்கு அதே வாய்ப்பு வேண்டுமானால் 47. பேசாமல் 300 நடுங்கள். 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஆறு சதுர மீட்டர்தான் பிடிக்கும்.

சிவப்பு வந்ததும் விதைக்கு எடுத்துவைப்பது

மூன்று சிவப்புச் செடிகளில் இரண்டு அடுத்த போகத்தில் வெள்ளையைக் காட்டும். எது நிலைத்தது என்று செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் தனி வரிசையாக நட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டையும் ஒரே நாளில் விதைப்பது

43 முந்திப் பூத்துவிடும். அதைச் சம்பாவுக்குப் பின்னால், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக விதையுங்கள்.

கருப்புக் கவுனியில் 3:1

கருமைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜீன்கள். வராது.

விளைச்சலில் 3:1

அதுவும் வராது.