அடையாற்றங்கரை மனையும் விடுபட்ட சாலையும்

2018-இல் கோட்டூர்புரம் பக்கம், அடையாற்றிலிருந்து 40 மீட்டரில் இருக்கும் அப்பாவின் மனையில் வீடு கட்ட விண்ணப்பித்தோம். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது என்று திரும்பி வந்துவிட்டது. கடல் எங்கே, நாங்கள் எங்கே என்று குழம்பிப்போனேன்.

அப்புறம் அந்த மண்டலத்துக்கு அப்போது நடப்பில் இருந்த 2011 அறிவிக்கையை வரிவரியாகப் படித்தேன். கடல் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஏறிவரும் ஆறுகளுக்கும் அது பொருந்தியது. ஆற்றின் நீளத்தில், வறண்ட கோடையில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம்வரை எல்லை. நிலத்தின் பக்கம், கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது என்பது அன்றைய விதி.

ஆனால் ஏற்கெனவே வீடுகள் நிறைந்த நகர்ப்பகுதி அந்த மண்டலத்தில் இரண்டாம் வகை. அங்கே, முன்பே இருக்கும் சாலைக்கு நிலப்பக்கமாக, அதாவது தண்ணீர் இல்லாத பக்கத்தில், கட்டலாம். எங்கள் மனைக்கும் ஆற்றுக்கும் நடுவே பழைய சாலை ஓடுகிறது. எங்கள் மனைக்கு வரைபடம் போட்டவர் அதைக் காட்டவே இல்லை! சர்வேயரை வைத்து அளந்து, புலப்படத்தோடு (நில அளவைத் துறையின் மனை அளவு வரைபடம்) பொருத்தி, கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைக் குறித்துக் கொடுத்தோம். அனுமதி கிடைத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தின் சேற்றுக்கோடு பக்கத்து வீட்டுச் சுவரில் இடுப்பளவில் அப்போதும் தெரிந்தது. அதனால் கீழே வெறும் தூண்கள்தான், மாடியில் குடியிருக்கிறோம்.