மீனின் வாயையும் குடலையும் கொண்டு அதன் உணவு வரலாற்றை அறியும் முறை

மீன்கள் தாவரம் உண்ணத் தொடங்கியது ஒரே ஒரு முறை நிகழ்ந்த மாற்றமன்று. பிற உயிர்களைத் தின்று வாழ்ந்த முன்னோரிடமிருந்து பிரிந்த பல குலங்கள், வெவ்வேறு காலங்களில், ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பாசிக்கும் புல்லுக்கும் பழத்துக்கும் மாறின. ஒவ்வொரு குலமும் தான் மரபாகப் பெற்ற உறுப்புகளைத் திருத்தியே இந்த மாற்றத்தை அடைந்ததால், அதன் தடயம் இன்றும் வாயிலும் தொண்டையிலும் வயிற்றிலும் தெரிகிறது. அதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் வாங்கிய மீனே போதும்.

முதலில் மீன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊனுண்ணிக்கு ஒரு சங்கராவும், சேற்றையும் பாசியையும் மேய்வதற்கு ஒரு மடவையும், நன்னீருக்கு ஜிலேபியும் ரோகுவும் போதும். விற்பவரிடம் வெட்டிச் சுத்தம் செய்யாமல் முழு மீனாகத் தருமாறு கேட்க வேண்டும். பிடித்த சில மணி நேரத்திலேயே செரிமான நொதிகள் குடல் சுவரைக் கரைக்கத் தொடங்கிவிடும் என்பதால், வீடு வரும் வரை ஐஸில் வைத்து, வந்தவுடன் திறப்பது நல்லது.

வயிற்றைத் திறப்பதற்கு முன் வாயைப் பார்க்க வேண்டும். சங்கராவின் தாடையில் இரையைப் பற்றும் கூர்மையான பற்கள் இருக்கும். ரோகுவின் தாடையில் பற்களே இரா. கெண்டைக் குலத்துக்கே தாடைப் பல் கிடையாது. ஆனால் செவுள் மூடியை விலக்கித் தொண்டையின் அடியில் விரலால் தடவினால், எலும்பில் வரிசையாக நிற்கும் தொண்டைப் பற்கள் தட்டுப்படும்.

பிறகு வாய் நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை உடலை அளந்து குறித்துக்கொண்டு, கத்தி நுனி குடலில் படாதவாறு வயிற்றைக் கீறி, குடலை முழுவதுமாக எடுத்து நீர் நிறைந்த தட்டில் இட வேண்டும். சுருள்களைப் பிணைக்கும் சவ்வைச் சிறிது சிறிதாக விலக்கி, குடலை இழுக்காமல், அதன் மேல் ஈர நூலை வைத்து அளப்பதே சரியான முறை; இழுத்து அளந்தால் நீளம் பொய்யாகக் கூடும். குடல் நீளத்தை உடல் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் ஊனுண்ணிகளில் பெரும்பாலும் ஒன்றை ஒட்டியே நிற்கும். மடவையிலும் ஜிலேபியிலும் அது பல மடங்காக உயரும்.

இந்த எண்ணோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், அது போதாது. முழுப் புல்லையே தின்னும் புல் கெண்டையின் குடல் உடலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கே இருக்க, அதே குலத்து ரோகுவின் குடல் அதைவிடப் பெரிதும் நீண்டது. மேலும், தரும் தீவனத்தைப் பொறுத்து ஒரே இன மீனின் குடல் நீளம் மாறவும் கூடும். ஆகவே நீளத்தைவிட, தாவரத்தின் தடித்த செல் சுவரை அந்த மீன் எவ்வாறு உடைக்கிறது என்பதையே முதன்மையாகக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதை மூன்று மீன்களிலும் நேராகக் காணலாம். கெண்டைகளுக்கு இரைப்பை கிடையாது. அரைக்கும் வேலையைத் தொண்டைப் பற்கள் ஏற்றுக்கொண்டன. புல் கெண்டையில் அவை அரம் போன்ற விளிம்புடன் புல்லைக் கிழிக்கின்றன. மடவையின் இரைப்பையில் ஒரு பகுதி கோழியின் அரைவைப் பையைப் போலத் தடித்த தசையாகியிருப்பதை விரலால் அழுத்தினாலே உணரலாம்; விழுங்கிய மணலோடு சேர்த்து அது உணவை அரைக்கிறது. (கழிமுகச் சேற்றையே தின்பதால், எண்ணூரில் நீரில் கலக்கும் எதுவும் இந்த மீனை எளிதில் சென்றடைகிறது. 2023 டிசம்பரில் அங்கு எண்ணெய் படர்ந்ததை நினைவில் கொண்டு, வாங்கும் மடவை எந்த நீரிலிருந்து வந்தது என்று கேட்பது அவசியம்.) ஜிலேபியின் இரைப்பையோ மெல்லிய பைதான், ஆனால் அதில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது, அதன் அமிலகாரக் குறியீடு (pH; எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்) 2-க்கும் கீழே இறங்கி, நீலப்பச்சைப் பாசியின் செல்களை உடைத்துவிடும்.

நான்காவது வழியைக் கண்ணால் காண்பது கடினம். பவளப்பாறைகளில் வாழும் சில தாவரவுண்ணிகள், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு பாசியை நொதிக்கச் செய்து, அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களை ஆற்றலாகப் பயன்படுத்துகின்றன. பாறைகளில் மேயும் மீன்களின் பழமைக்கு இத்தாலியின் மான்டே போல்கா புதைபடிவங்கள் சான்று: ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அப்படிவங்களிலேயே ஓரா மீன் குடும்பத்தவை காணப்படுகின்றன. இன்றைய ஓரா கிடைத்தால் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் அதன் துடுப்பு முட்களில் நஞ்சு உள்ளதால், திறப்பதற்கு முன் அவற்றைக் கத்தரியால் நீக்கிவிட வேண்டும்.

இறுதியாக, உறவுள்ள மீன்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஏரி வவ்வால் என்று விற்கப்படும் ரூப்சந்த் உண்மையில் வவ்வாலன்று. தென் அமெரிக்கப் பிரான்ஹாவின் நெருங்கிய உறவு. பிரான்ஹாவின் பற்கள் சதையை அறுக்கும் முக்கோண அலகுகளாக இருக்க, வெள்ளக்காட்டில் உதிரும் பழங்களையும் விதைகளையும் உண்ணும் ரூப்சந்தின் பற்கள் கடைவாய்ப் பற்களைப் போல் தடித்துள்ளன. ஜிலேபியை மடவையோடு ஒப்பிட்டால் உணவின் ஒற்றுமை மட்டுமே தெரியும். ரூப்சந்தைப் பிரான்ஹாவோடு ஒப்பிட்டால், ஒரே குலத்துக்குள் பல் எவ்வாறு பிரிந்து சென்றது என்பது தெரியும். ஆகவே குறிப்பேட்டில் மீனின் பெயருக்கு அடுத்த பத்தியில், அளவை எழுதுவதற்கு முன்பே, அதன் குடும்பத்தையும் நெருங்கிய உறவினத்தின் உணவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.