கார்ன்பிரெட்: வடக்கின் மாவைத் தெற்கின் சட்டியில் ஊற்றாதீர்கள்

அமெரிக்க மக்காச்சோள ரொட்டியான கார்ன்பிரெட்டைப் புதிதாகச் சுடுகிறவர்களின் அடுப்படியில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. கையில் இருப்பது அமெரிக்கத் தெற்கின் அலபாமா பக்கத்துச் செய்முறை. அதில் சர்க்கரை இல்லையே என்று கால் கப் போடுகிறார்கள். வேறெங்கோ படித்த நினைவில் பாதிக்குப் பாதி மைதாவும் சேர்கிறது. சட்டியை முதலில் காய வைக்கச் சொல்லும் வரியை மட்டும் கண் தாண்டிப் போய்விடுகிறது. அரை மணி கழித்து வெளியே வருவது கேக்கும் இல்லை, ரொட்டியும் இல்லை. அடி வெளுத்து, நடு கொழகொழத்து, பாதி சட்டியிலேயே ஒட்டிக் கிடக்கிறது.

உப்பு மறந்துபோவது, நேரம் தவறிக் கருக்கிவிடுவது போன்றவற்றை இங்கே தொடப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். பத்து முறை சுட்ட பிறகும் காரணம் பிடிபடாமல் தொடர்கிற தவறுகள்தான் கவனிக்க வேண்டியவை.

## எந்த ஊர் ரொட்டி என்று தீர்மானிக்காமல் தொடங்குவது

அமெரிக்காவில் கார்ன்பிரெட் என்று பொதுவாகச் சொன்னாலும் தெற்கில் அது சோற்றுக்குச் சமம். பீன்ஸோ கீரையோ வைத்து உண்கிற உப்பு ரொட்டி. வடகிழக்கில் அது கேக்குக்குப் பக்கத்து வீடு. வெண்ணெயும் தேனும் தடவித் தின்பார்கள்.

தெற்கு வழி இது: மக்காச்சோள மாவு 2 கப், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, முட்டை 2, பட்டர்மில்க் ஒன்றே முக்கால் கப், கொழுப்பு 4 மேசைக்கரண்டி. மைதாவும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. 10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டியில், 230 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம்.

வடக்கு வழி: மஞ்சள் மக்காச்சோள மாவு 1 கப், மைதா 1 கப், சர்க்கரை கால் முதல் அரை கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பால் 1 கப், முட்டை 1, உருக்கிய வெண்ணெய் அல்லது எண்ணெய் மூன்றில் ஒரு கப். 8 அங்குலச் சதுரத் தட்டில், 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். தட்டைக் காய வைக்க வேண்டியதில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வடக்கில் பால் புளிக்காததால் சோடாவுக்கு வேலை இல்லை, பேக்கிங் பவுடர் மட்டும் போகிறது. சர்க்கரை இருப்பதால் சூடு குறைகிறது. மைதாவின் பசைத்தன்மை பஞ்சுபோல எழும்ப வைக்கிறது. தெற்கில் பசைத்தன்மையே இல்லை. மேலோடுதான் ரொட்டியைக் கட்டிப் பிடிக்கிறது. அதனால்தான் அவ்வளவு சூடு. ஒன்றிலிருந்து ஒரு வரியை உருவி மற்றதில் செருகினால் எதுவும் நிற்காது.

எல்லைக்கோடு வரைபடத்தில் இருப்பதுபோல நேராகவும் இல்லை. தெற்கிலேயே கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் மஞ்சள் மாவும் சர்க்கரையும் பழக்கம். அந்த ரொட்டியைப் பார்த்து "இது தெற்கத்தி ரொட்டியே இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது அறியாமை. பழைய கல் ஆலைகள் மக்காச்சோளத்தை, மணிக்குள் இருக்கும் எண்ணெய்ப்பசையுள்ள முளைப்பகுதியோடு சேர்த்து அரைத்தன. அந்த எண்ணெயும் வாசனையும் மாவிலேயே இருந்தன. எஃகு உருளை ஆலைகள் முளையை நீக்கின. மாவு மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது, சுவைதான் போயிற்று. அந்தக் குறையை ஈடுகட்டவே சர்க்கரையும் மைதாவும் நுழைந்தன என்பது உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சிலரின் கருத்து. கல்லில் அரைத்த மாவை ஒருமுறை வாங்கிச் சுட்டால் அவர்கள் சொல்வதில் பொருள் இருப்பது நாக்குக்கே தெரியும். ஆனால் அந்த மாவை ஃப்ரீஸரில்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் முளையின் எண்ணெய் சிக்கு நாற்றம் எடுத்துவிடும்.

## பெயரை நம்பி மாவு வாங்குவது

இது நம் ஊர்க் கடைக்கே உரிய சிக்கல். "கார்ன் ஃப்ளவர்" என்று மளிகைக் கடையில் கொடுக்கும் வெள்ளைப் பொடி மாவுச்சத்து மட்டுமே. சூப்பைக் கெட்டியாக்க உதவும், ரொட்டிக்கு உதவாது. "சோள மாவு" என்று கேட்டால் தமிழ்நாட்டில் வெள்ளைச் சோளத்தின் மாவு கைக்கு வரக்கூடும், அது வேறு தானியம். இலங்கையில் சோளம் என்றாலே மக்காச்சோளம்தான், அங்கே இந்தக் குழப்பம் இல்லை. வட இந்திய ரொட்டிக்கான மக்காச்சோள மாவு மிக நைஸ். அதை மட்டும் போட்டால் ரொட்டி அடர்ந்து களிபோல ஆகும். நமக்குத் தேவை நைஸ் ரவை பதம். விரலிடையில் தேய்த்தால் மணல் நெருடல் தெரிய வேண்டும். கிடைக்காவிட்டால் நைஸ் மாவும் மக்காச்சோள ரவையும் சரிபாதி.

வெள்ளையா மஞ்சளா என்பது ஊர்ப் பழக்கம். தெற்கின் பழைய வீடுகளில் வெள்ளை, வடக்கில் மஞ்சள். அளவு மாறாது.

## காயாத சட்டியில் மாவை ஊற்றுவது

மற்ற எல்லாத் தவறையும் பொறுத்துக்கொள்ளலாம். இதை முடியாது. நல்ல மாவு, நல்ல பட்டர்மில்க், நல்ல கொழுப்பு எல்லாம் சேர்ந்து பாழாவது இந்த ஒரு சோம்பலில்தான்.

10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை. இரும்பு சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், வாங்கியதைச் சீக்கிரம் விடாது. குளிர்ந்த சட்டியில் மாவை ஊற்றி ஓவனில் வைத்தால் அந்த இரண்டரைக் கிலோவும் சூடேறவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேல் சூட்டில் ரொட்டியின் தலைப்பக்கம் இறுகிவிடுகிறது. நீர்த்த மாவிலுள்ள கனமான குருணைகள் அடியில் போய்ப் படிந்து, அங்கே இருக்கும் கொழுப்பைக் குடித்து, இரும்பின் சொரசொரப்பில் பிடித்துக்கொள்கின்றன. சட்டி ஒருவழியாகக் காயும்போது அடி பொன்னிறமாவதற்கு நேரம் மிச்சமில்லை. மேலே சிவந்துவிட்டதே என்று எடுத்துவிடுவார்கள். கவிழ்த்தால் பாதி வரும், பாதி வராது. கோபத்தில் உலோகக் கரண்டியால் சுரண்டினால் சட்டியைப் பழக்கிய படலமும் கையோடு வந்துவிடும். ஒரு ரொட்டி போனது மட்டுமல்ல, மாதக்கணக்கான பழக்கமும் போயிற்று.

காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள்கூட இங்கே இதைச் செய்வதுதான் எரிச்சலூட்டுகிறது.

சட்டி காய்ந்திருந்தால் நடப்பதே வேறு. மாவு இரும்பைத் தொட்ட கணத்தில் அதன் நீர் ஆவியாகி மாவை இரும்பிலிருந்து மெல்லத் தூக்கிப் பிடிக்கிறது. அடி மாவுச்சத்து உடனே வெந்து இறுகுகிறது. குருணைகள் கீழே இறங்க வழியில்லை. கூர்ந்து பாருங்கள்: ஊற்றிய சில நொடிகளில் சட்டி விளிம்பைச் சுற்றி மாவு குமிழியிட்டு, ஆப்பத்தின் ஓரம்போல வலைப்பின்னலாக வெளிறி இறுகும். அந்த வளையம் தெரிந்தால் ரொட்டி ஒட்டாது. தெரியாவிட்டால் ஒட்டும். வேறு சோதனை வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். வெறும் சட்டியைக் குளிர்ந்த ஓவனிலேயே வைத்து 230 டிகிரிக்குத் திருப்புங்கள். ஓவன் "தயார்" என்று மணியடிப்பது உள்ளே இருக்கும் காற்றுக்கு, சட்டிக்கு அல்ல. மணியடித்த பிறகு இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். அந்த இடைவெளியில் உலர் பொருட்களை ஒரு பாத்திரத்திலும், முட்டையும் பட்டர்மில்க்கும் இன்னொன்றிலும் அடித்துத் தனித்தனியே வையுங்கள். முன்கூட்டிச் சேர்த்துவிட்டால் புளிப்பும் சோடாவும் சேர்ந்து எழும் நுரை, சட்டி காய்வதற்குள் அடங்கிப்போகும்.

பிறகு சட்டியில் 4 மேசைக்கரண்டி கொழுப்பு. தெற்கில் பன்றிக் கொழுப்பு. சைவர்கள் நெய்யோ கடலை எண்ணெயோ ஊற்றலாம், குறை ஒன்றும் வராது. வெறும் வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் திப்பி இந்தச் சூட்டில் கருகும். இரண்டு மூன்று நிமிடத்தில் கொழுப்பு நெளிநெளியாக மினுக்கும். இப்போது உலர்ந்ததையும் ஈரத்தையும் கலந்து, சட்டியைச் சுழற்றிப் பக்கச் சுவரெல்லாம் கொழுப்பு படவைத்து, மீதியை மாவில் ஊற்றி இரண்டு கிளறு, உடனே மாவு மொத்தமும் சட்டிக்குள். "சொய்ங்" என்று சத்தம் வர வேண்டும்.

வெந்ததும் சட்டியிலேயே விடாதீர்கள். தட்டில் கவிழ்த்து, மேலோடு மேலே தெரியும்படி வையுங்கள். சட்டியில் கிடந்தால் தன் ஆவியிலேயே வியர்த்து, பாடுபட்டு வந்த மொறுமொறுப்பு நமத்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள். கண்ணாடித் தட்டை இப்படி வெறுமையாகக் காய வைத்து மாவை ஊற்றினால் அது ஓவனுக்குள்ளேயே வெடிக்கலாம். கண்ணாடி இருந்தால் வடக்கு வழிதான். நான்-ஸ்டிக் பாத்திரத்தையும் காலியாகக் காய வைக்கக் கூடாது. சட்டியை வெளியே எடுத்தவுடன் அதன் கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது தெரியாமல் பிடிப்பார்கள்.

இந்தச் சூட்டில் சர்க்கரை ஏன் ஆகாது என்பதும் இப்போது விளங்கும். நடு வேகும் முன்பே அடி கருகிக் கசக்கும். கருகாமல் தப்பினாலும் சர்க்கரை ஈரத்தை இழுத்து மேலோட்டை மெத்தென்று ஆக்கிவிடும். இனிப்பு ரொட்டி வேண்டுமென்றால் தாராளமாக 200 டிகிரிக்கும் சதுரத் தட்டுக்கும் போங்கள், அது தாழ்ந்த ரொட்டி அல்ல.

வார்ப்பிரும்புக்கும் இந்த ரொட்டிக்கும் உள்ள உறவுக்கு ஊரே ஒன்று இருக்கிறது. டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க்கில் லாட்ஜ் வார்ப்பாலை 1896 முதல் சட்டி வார்க்கிறது. தேசிய கார்ன்பிரெட் திருவிழா நடப்பதும் அதே ஊரில்.

## பட்டர்மில்க் என்றால் மோர் என்று எடுத்துக்கொள்வது

அமெரிக்கக் கடையில் விற்கும் பட்டர்மில்க் கெட்டி. தயிரைத் தண்ணீர் விடாமல் அடித்ததுபோல ஊற்றும் பதம். நம் நீர்மோரை அதே அளவு ஊற்றினால் மாவு ரசமாகும். 1 கப் பட்டர்மில்க்குக்கு முக்கால் கப் புளித்த தயிரும் கால் கப் தண்ணீரும் அடித்துச் சேருங்கள். தயிர் புளித்திருக்க வேண்டும். புளிக்காத தயிரில் சோடா முழுதாக வினைபுரியாது. ரொட்டியில் சோப்பு வாடை அடித்தால் காரணம் அதுதான்.

## செல்ஃப் ரைசிங் பையில் மறுபடியும் பவுடர் சேர்ப்பது

செல்ஃப் ரைசிங் என்று அச்சிட்ட மாவில் உப்பும் பேக்கிங் பவுடரும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. பையின் பின்புறத்தைப் படியுங்கள்.

## ஜானிகேக்கை உப்ப வைக்க முயல்வது

ரோட் ஐலண்டின் ஜானிகேக்குக்கு வெள்ளை ஃபிளின்ட் மக்காச்சோள மாவு, உப்பு, கொதிநீர் போதும். கல்லில் ஊற்றிச் சுடுவது. அந்தச் சின்ன மாநிலத்துக்குள்ளேயே இரண்டு கட்சி: விரிகுடாவுக்கு மேற்கே கொதிநீரில் பிசைந்து தடிப்பாக, கிழக்கே நியூபோர்ட் பக்கம் பாலில் கரைத்து மெல்லிசாக. இரண்டிலும் பேக்கிங் பவுடர் இல்லை. மேற்கு வழியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மாவு வேகாது, கல்லில் ஊற்றினால் உதிரும்.

## வர்ஜீனியா ஸ்பூன்பிரெட்டைத் துண்டு போடும்வரை வேகவிடுவது

பெயரிலேயே கரண்டி இருக்கிறது: கரண்டியால் அள்ளித் தின்கிற குழைவான ரொட்டி இது. நடு தளும்பும்போதே எடுங்கள்.

## நீல மாவில் நிறம் போயிற்று என்று கலங்குவது

தென்மேற்கில் ஹோப்பி, நவஹோ பழங்குடி மக்களின் நீல மக்காச்சோளத்தில் இருக்கும் நிறமி புளிப்பில் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் சாயும். காரத்தன்மையில் நீலம் தெளியும். நவஹோ வீடுகளில் ஜூனிப்பர் மரச் சாம்பலைக் கலப்பதன் ஒரு பலன் அது. பட்டர்மில்க்கை ஊற்றிவிட்டு நீலத்தை எதிர்பார்க்கக் கூடாது. நியூ மெக்சிகோ வழக்கப்படி பச்சை மிளகாய் சேர்த்தால், சுட்டுத் தோலுரித்த மிளகாயை நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அதன் நீர் மாவைக் கெடுக்கும்.

## தட்டில் நடக்கும் தவறுகள்

1931-இல் லூசியானா ஆளுநர் ஹூயி லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகையின் ஜூலியன் ஹாரிஸுக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கீரை வெந்த சாற்றில் கார்ன்போன் என்னும் சிறு மக்காச்சோள ரொட்டியைத் தோய்த்துத் தின்பதா, உதிர்த்துப் போட்டுத் தின்பதா? லாங் தோய்ப்பார், ஹாரிஸ் உதிர்ப்பார். வாரக்கணக்கில் பத்திரிகைகளில் ஓடியது. இரண்டு பேரும் கேள்வியே கேட்காமல் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: கார்ன்போனில் இனிப்பு கிடையாது. மைதாவும் சர்க்கரையும் போட்ட ரொட்டியை அந்தச் சாற்றில் விட்டால் கரைந்து இனிப்புக் கூழாகும்.

நன்றி நவிலல் நாள் விருந்துக்குச் செய்யும் கார்ன்பிரெட் டிரெஸ்ஸிங்கிலும் இதே தவறு நடக்கிறது. செலரி, வெங்காயம், சேஜ் இலை, கோழிச்சாறு சேரும் பண்டத்தில் இனிப்பு ரொட்டியை உதிர்க்கிறார்கள். தெற்கு ரொட்டியை முந்தின நாளே சுட்டு, உதிர்த்து, காற்றாட உலர வைத்துப் பயன்படுத்துங்கள். அன்றே சுட்ட ரொட்டி சாற்றை உறிஞ்சாமல் குழையும்.

மிச்சமானதை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும். துண்டைக் குறுக்கே பிளந்து, வெட்டுப்பக்கம் கல்லில் படும்படி நெய்யில் வாட்டுங்கள். அப்பலாச்சிய மலைப்பக்கம் அதை வெந்த பின்ட்டோ பீன்ஸோடும் பச்சை வெங்காயத் துண்டோடும் வைப்பார்கள். இல்லையென்றால் உயரமான தம்ளரில் உதிர்த்துப் போட்டு, மேலே குளிர்ந்த பட்டர்மில்க்கை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் மிளகுப்பொடியும் தூவி, மேலோடு ஊறிப்போகும் முன் நீளக் கரண்டியால் தின்றுவிடுங்கள்.