தெசாரஸில் எடுத்த சொல்லை அப்படியே போடாதீர்கள்

ஆங்கிலத்தில் மெயிலோ விண்ணப்பமோ எழுதும்போது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தெசாரஸைத் திறப்போம். சிக்கல் அங்கேதான். கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள சொற்களை அது வரிசையாகக் கொடுத்துவிடும். எது பாராட்டு, எது குத்தல் என்று பெரும்பாலும் சொல்லாது.

ஒல்லியாக இருப்பவரை 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார். 'தின்' பொதுவான சொல். 'ஸ்கின்னி' என்றாலோ எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்கிற தொனி வந்துவிடும். 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை உள்ளம், 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம். மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது இவற்றை மாற்றிப் போட்டால் கதை கந்தல்தான்!

அதனால் தெசாரஸில் எடுத்த சொல்லை, ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஒன்றிலும் ஒருமுறை தேடிவிடுங்கள். ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றையுமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பொருளுக்குப் பக்கத்தில் 'டிஸ்அப்ரூவிங்' என்று இருந்தால், அந்தச் சொல்லில் குறை சொல்லும் தொனி உண்டு. 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்' என்ற குறிப்புகளும் இருக்கும். கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

அப்புறம், இந்த 'டவுட்'. நம் வகுப்பறைகளில் டவுட் கேட்பது சகஜம். ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினால், தான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு எழுதும்போது 'கொஸ்டின்' என்றே போடுங்கள்.