வாளைக் கொடுக்காமல் ஒரு ஸ்காட்லாந்துக்காரியை எழுதுவது எப்படி

ஸ்காட்லாந்துப் பெண்ணை வைத்துச் சரித்திர நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே அவள் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் கொடுத்தேன். நாற்பது பக்கம் ஓடியது, அப்புறம் நகரவே இல்லை, ஏனென்றால் வாளோடு குதிரையில் பாய்கிறவளுக்கு இழக்க எதுவுமே இல்லாமல் எழுதியிருந்தேன். பயமே இல்லாதவளின் தைரியத்தை எத்தனை பக்கம்தான் வாசிப்பது?

முதலில் ஆளையும் வருடத்தையும் முடிவு செய்யுங்கள். "கொந்தளிப்பான காலம்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் ஒன்றும் எழுத வராது. 1306இல் ஸ்கோனில் ராபர்ட் புரூஸின் தலையில் முடிவைத்த இசபெல்லா மக்டஃப், அந்தக் குற்றத்துக்காக பெரிக் கோட்டையில் வருடக்கணக்கில் கூண்டில் கிடந்தவள். 1338இல் டன்பார் கோட்டையை ஆங்கிலேயப் படையிடம் ஐந்து மாதம் விடாமல் காத்த ஆக்னஸ் இருக்கிறாள். எதிரியின் கல் வந்து விழுந்த மதிலைப் பணிப்பெண்களை விட்டுத் துணியால் தூசி தட்டச் சொன்னாளாம். கதையாகவே இருக்கட்டும், அந்த ஒரு துணிக்கு முன்னால் என் நாற்பது பக்க வாள்வீச்சு நிற்காது.

இங்கே 1746இன் ஆன் மக்கின்டாஷை எடுத்துக்கொள்கிறேன். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவள். புருஷன் அரசாங்கப் படையில் கேப்டன், இவளோ பறிபோன ஸ்டூவர்ட் வம்சத்தின் அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்லஸுக்காக, அதாவது அவர் ஆதரவாளர்களான ஜாக்கோபைட்டுகளின் பக்கத்துக்கு, குலத்து ஆட்களைத் திரட்டி அனுப்புகிறாள். போர்க்களத்தில் அவர்களை நடத்தியது மகிலிவ்ரே என்ற வேறொருவர், ஆன் அங்கே போகவே இல்லை. இது நாவலுக்குக் குறை என்று நினைக்காதீர்கள், இதுதான் நாவலே. தோற்றால் வீடு போகும், ஆள் அனுப்பிய ஒவ்வொரு குடும்பத்தின் முகத்திலும் விழிக்க வேண்டும், ஜெயித்தாலோ புருஷன் தோற்ற பக்கத்தில் நிற்பான். இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்க்கும் இரவை எழுதிவிட்டால் பாதி நாவல் முடிந்த மாதிரி. இதை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த சண்டையாகச் சுருக்கிவிடவும் வேண்டாம், ஜாக்கோபைட்டுகள் கடைசியாகத் தோற்ற கல்லோடன் போரில் அரசாங்கப் பக்கம் நின்று சுட்டவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்களும் நிறைய.

காட்சிக்கு வருவோம். 1746 பிப்ரவரியில் இளவரசர் மோயில் இவள் வீட்டில் தங்கியிருக்கிறார். அவரைப் பிடிக்க இன்வர்னஸிலிருந்து 1,500 பேரோடு லௌடன் பிரபு இரவில் கிளம்புகிறார். வழியில் டொனால்ட் ஃப்ரேசர் என்ற கொல்லரும் இன்னும் நாலு பேரும் இருட்டில் பதுங்கி, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே அங்கே வராத குலங்களின் பெயரையெல்லாம் சொல்லிக் கத்த, பெரிய படையே காத்திருப்பதாக மிரண்டு அத்தனை பேரும் ஓடிப்போனார்கள். உங்களுக்குக் கொல்லரோடு போகத்தான் கை பரபரக்கும். போகாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள். அன்றிரவு அங்கிருந்த ஒருவர் விட்டுச்சென்ற சாட்சியப்படி, ஆன் உள்ளாடையோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள், இளவரசர் இரவுக் குல்லாய்க்கு மேலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு, செருப்பின் குதிகாலை மிதித்தபடி நடந்தார். வெளியே நடப்பது ஜெயமா தோல்வியா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத அந்த நேரத்தில் அவள் யாரை எழுப்புகிறாள், எதை ஒளிக்கிறாள், எந்தக் கதவைத் திறக்கச் சொல்கிறாள் என்று எழுதுங்கள்.

இந்த மாதிரி விவரங்களுக்கு பிஷப் ராபர்ட் ஃபோர்ப்ஸ் பத்து தொகுதிகளில் எழுதித் திரட்டிய சாட்சியங்கள் ஒரு சுரங்கம். ஆனால் அவர் ஜாக்கோபைட் அபிமானி, அதை மறக்காமல் வாசியுங்கள். நிலத்துக்கு, 1747இல் தொடங்கிய வில்லியம் ராயின் ராணுவ வரைபடம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. எந்த ஓடையை எங்கே கடந்தார்கள் என்று ஒரு நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருக்கலாம், நான் இருந்திருக்கிறேன்.

அப்புறம் சறுக்குகிற இடங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனி டார்டன், அதாவது கட்டம்போட்ட துணி, என்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. 1746இல் ஜாக்கோபைட்டை அடையாளம் காட்டியது தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பன் பூ. என் முதல் பிரதியில் எல்லாரும் உருளைக்கிழங்கு தின்றார்கள், மலைநாட்டில் அது பரவியது பின்னால்தான், ஓட்ஸ் மாவையும் பார்லியையும் போடுங்கள். தேதியிலும் கவனம்: கல்லோடன் நடந்த ஏப்ரல் 16 பழைய நாட்காட்டிப்படி, இன்றைய கணக்கில் 27, ஆகவே நிலா வெளிச்சம் எழுதுமுன் பதினோரு நாளைக் கூட்டிப் பாருங்கள். கல்யாணமான ஸ்காட்லாந்துப் பெண்கள் பத்திரங்களில் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், ஆகவே ஃபார்குவார்சன் என்று கையெழுத்திடும் ஆனைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கடைசியாக, பேச்சு. அவர்கள் வீட்டில் புழங்கிய கேலிக் மொழிக்குச் செந்தமிழ், அதிகாரிகளின் ஆங்கிலத்துக்குப் பேச்சுத்தமிழ் என்று பிரிக்கப் பார்த்தேன், நாடகமாகிவிட்டது. எளிய எழுத்துத் தமிழே போதும், மரியாதையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆனின் புருஷன் சிறைபிடிபட்டபோது இளவரசர் அவரை மனைவியின் காவலிலேயே ஒப்படைத்தார். அவள் "கேப்டன்" என்று வணங்க, அவர் "கர்னல்" என்று பதில் வணக்கம் சொன்னதாகக் கதை உண்டு. அதுவரை "நீ" என்று பேசிய புருஷன் அந்த ஒரு வரியில் மட்டும் "நீங்கள்" என்கிறான் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

முடிவைக் கல்லோடனில் வைக்காதீர்கள். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டை, அவள் அங்கே இல்லை. அதற்குப் பிறகு வீட்டு வாசலுக்கு வருகிற சிப்பாய்கள், இன்வர்னஸில் ஆறு வாரக் காவல், விடுதலை, மறுபடி அதே புருஷனோடு அதே மேஜையில் ஒரு சாப்பாடு. கடைசி அத்தியாயம் அந்த மேஜைதான், முதலில் யார் வாய் திறப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.