ஸ்னாப் உதவியும் வேலைப் பயிற்சியும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஸ்னாப் உணவு உதவி பெறுபவர்களை வேலைப் பயிற்சியில் சேர்த்துவிடும் பணிக்குப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கையெழுத்து விடுபடுவது, தேதி மாறுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். பயனாளியின் சாப்பாட்டிலேயே கை வைக்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

“வர முடியலைன்னா பரவாயில்லை” என்று சொல்லி அனுப்புவது

கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் இந்தப் பயிற்சி விருப்பத்தின் பேரில்தான். பாதியில் நின்றதற்காக யாருடைய உதவியையும் நிறுத்த மாட்டார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த காலவரம்பு இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வருகிறவர் மாதம் 80 மணி நேரம் வேலையோ, ஏற்கத்தக்க பயிற்சியோ, இரண்டும் சேர்த்தோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 36 மாதங்களில் 3 மாதம்தான் உதவி.

முன்பு 54 வயதோடு முடிந்த இந்த வரம்பை 2025 ஜூலையில் வந்த சட்டம் 64 வரை நீட்டிவிட்டது. வீட்டில் பிள்ளை இருந்தால் விலக்கு என்றிருந்தது, இப்போது 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால்தான். வீடற்றவர்கள், முன்னாள் படைவீரர்கள் என்பதற்காகக் கிடைத்த விலக்கும் போய்விட்டது. பழைய பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஐம்பத்தேழு வயதுக்காரர் ஒருவர், கட்டடப் பராமரிப்புப் பயிற்சிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். பேருந்து நேரம் மாறியதும் வர முடியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “கட்டாயமில்லை சார், முடிஞ்சப்போ வாங்க” என்று புதிய ஊழியர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்காம் மாதம், கடையில் சாமான்களை எடுத்து வைத்த பிறகுதான் அட்டையில் பணம் ஏறவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இழந்த தகுதியைத் திரும்பப் பெற, 30 நாட்களுக்குள் 80 மணி நேரத்தை அவர் காட்டியாக வேண்டும். அந்த நாட்களில் அவர் என்ன சாப்பிடுவார்? இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. பேருந்துச் செலவைத் திட்டமே கொடுத்திருக்கும். வேறு நேர வகுப்பு பார்த்திருக்கலாம். உடல்நிலையால் விலக்கு கிடைக்குமா என்றாவது கேட்டிருக்கலாம்.

அதனால் முதல் சந்திப்பிலேயே, இவர் காலவரம்புக்குள் வருகிறாரா, எத்தனை மாதம் கழிந்திருக்கிறது என்று தகுதி அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். வருகைப் பதிவு உங்கள் கணினியில் இருந்தால் போதாது, தகுதிப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். வேலை தேடும் நேரத்தை மட்டும் வைத்து 80 மணியை நிரப்பவும் முடியாது, அது பாதிக்கும் குறைவாக இருந்தால்தான் கணக்கில் வரும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் அன்றே கூப்பிடுங்கள். நோய்வாய்ப்பட்டது போன்ற தகுந்த காரணத்தால் தற்காலிகமாக விட்டுப்போன மணிநேரத்தை மாநிலம் ஏற்றுக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் யாராவது அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்.

உதவி நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை மட்டும் பார்ப்பது

விண்ணப்பம் போட்டாயிற்று என்பது உதவி பெறுகிறார் என்பதாகாது. தகுதிப் புதுப்பிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டால், பயிற்சியின் நடுவிலேயே உதவி நின்றுவிடும். ஸ்னாப் இல்லாத மாதத்துப் பயிற்சிச் செலவை இந்தத் திட்டத்தில் எழுத முடியாது. ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

டேன்ஃப் (ஏழைக் குடும்பங்களுக்கான தற்காலிக உதவி) ரொக்கம் வாங்குபவரைச் சேர்ப்பது

சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு வேறு திட்டம் இருக்கிறது.

செலவுத் தொகையைக் கேட்டால்தான் சொல்வது

பயணம், பிள்ளை பராமரிப்பு, சீருடை, கருவிகள் என்று பயிற்சிக்கு அவசியமான நியாயமான செலவைத் திட்டமே கொடுக்கும் என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே நின்றுவிடுகிறவர்கள் நிறைய.

வேலை கிடைத்ததும் கோப்பை மூடுவது

முதல் சம்பளம் வந்ததும், அதைத் தெரிவித்தால் உதவி மொத்தமும் போய்விடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. சம்பளத்தில் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் வருமானத்தைக் கணக்கிடுகிறார்கள் என்பதை ஓர் எளிய கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம், வேலையில் நிலைத்திருக்க உதவும் சேவையைக் குறைந்தது 30 நாள், அதிகபட்சம் 90 நாள் கொடுக்கலாம். காலணி, பேருந்து அட்டை, மேலாளரோடு முதல் உரசல் எல்லாம் இந்த நாட்களில்தான் வரும்.