பேட்டரியை மாற்றும் முன் டைனமோவை அளந்து பாருங்கள்

ஓடுகிற வண்டி திடீரென்று ஆஃப் ஆனால், ஓரம் கட்டியதும் சாவியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செல்ஃப் எப்போதும் போல வேகமாகச் சுற்றி, இன்ஜின் மட்டும் பிடிக்காவிட்டால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, குறை வேறெங்கோ. 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு மீட்டர் விளக்குகளும் மங்கினால் பேட்டரி வடிந்துவிட்டது. ஓடும்போதே வடிகிறதென்றால், சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆல்டர்னேட்டர், அதாவது நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்லும் டைனமோ, வேலை செய்யவில்லை. பேட்டரி டெர்மினல் லூஸாக இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அதனால் முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. டைனமோ சரியில்லை என்றால் புதுசும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடியும்.

டைனமோ படுத்த நொடியே வண்டி நிற்பதில்லை. பேட்டரி தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டே வண்டியை ஓட்டும். முதலில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். பிறகு ஹெட்லைட் மங்கும், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கனக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சம்பந்தமே இல்லாமல் எரியும். வோல்ட் 10-க்குக் கீழே இறங்கும்போது பெட்ரோல் பம்ப் தளர்ந்து, இக்னிஷன் காயிலில் பொறி குறைந்து, வண்டி திக்கித் திணறி நிற்கும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு. மின்சாரக் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் டீசலுக்கு விலக்கு இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தால்

வெப்பநிலை முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் டைனமோவையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. முள் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள், 'அடுத்த ஊர் வரை' என்று இழுத்தால் இன்ஜின் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். பழைய இண்டிகா, சுமோ மாதிரி டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் போனால் பிரேக்கும் கல்லாகிவிடும்.

முள் ஏறவில்லை என்றால் ஏசி, புளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை மட்டும் அணைக்காமல் ஓட்டுங்கள். அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்கப் பெரிய கரண்ட் வேண்டும். கணக்கு இதுதான்: பம்ப், காயில், இன்ஜெக்டர், இசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) சேர்ந்து 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். நல்ல நிலையில் உள்ள 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதிக்கு மேல் பயன்படும் என்று வைத்தால், பகலில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ஆம்பூரிலிருந்து வேலூர் வந்து சேரலாம். இரவென்றால் ஹாலஜன் ஹெட்லைட் மட்டும் 9 ஆம்பியர், ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் இன்னும் 15. நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். பள்ளிகொண்டா டோலைத் தாண்டுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழையுங்கள்.

ஓடும்போது ஆஃப் ஆனால் சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் மிச்சமிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் இறுகிவிடும்.

மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பது

சில நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பேட்டரியின் இரு முனையில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

ஸ்டார்ட் பண்ணியதும் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். 12.4-லேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர், பழைய வழக்கில் கட்-அவுட், போய்விட்டது. பேட்டரி கொதித்து ஆசிட் கக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் இசிஎம்மே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அதில் 12.8 தெரிந்தவுடன் பதற வேண்டாம், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

ஐட்லிங்கில் மட்டும் அளந்து 'நல்லா இருக்கு' என்று விட்டுவிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹை பீம், ஏசி, புளோயர் முழு வேகம் எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரை 2000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லுங்கள். 13.5-க்குக் கீழே போகக் கூடாது. போனால் மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் பின்னால் கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் (B+) போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ ஃபியூஸ் இணைப்பிலோ இழப்பு. டைனமோவின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் வந்தால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. துருவைச் சுரண்டி இறுக்குவதோடு முடிகிற வேலைக்கு டைனமோவைக் கழற்றிப் போடுவது உண்டு.

அடுத்து மீட்டரை மாறுமின்சார வோல்ட்டுக்குத் திருப்பி, ஓடும் வண்டியில் பேட்டரியிலேயே அளவிடுங்கள். 0.1-க்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டை நெருங்கினால், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் டயோடு போயிருக்கிறது. இதே டயோடு ராத்திரியில் பேட்டரியைக் கசியவிட்டு, காலையில் செல்ஃப் எடுக்காமலும் செய்யும்.

ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றி 'வண்டி நிக்குதா பார்' என்று சோதிக்கும் பழைய பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். கழற்றும் கணத்தில் வோல்ட் 40-க்கு மேலேயே எகிறலாம்; இசிஎம் விலை டைனமோ விலையைவிட அதிகம்.

கடையில் என்ன கேட்பது

மொத்த டைனமோவையும் மாற்றச் சொல்லும் முன் 'செல்ஃப், டைனமோ' என்று போர்டு வைத்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் தேய்வது, சுற்றும் ரோட்டரின் வளையங்களில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் (பிரஷ்), 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ரோட்டரின் இரு வளையங்களுக்கு இடையே 2 முதல் 4 ஓம் வர வேண்டும், வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. பேரிங் உறுமினால் அதையும் கையோடு மாற்றுங்கள். வேக்கம் பம்ப் உள்ள டீசல் வண்டியில் ஆயில் சீலையும் பாருங்கள். ஆயில் உள்ளே கசிந்தால் புது கார்பனும் சீக்கிரம் கெடும். டைனமோவின் உள்ளே இருக்கும் காயில் கருகி வாடை வந்தால் பழுது பார்ப்பதில் லாபமில்லை, முழு யூனிட்டை மாற்றுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டும்போது, கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டபடி நிற்கும் வண்டிக்குத்தான் சோதனை. ஐட்லிங்கில் டைனமோ தன் முழுத் திறனைத் தராது, காற்றோட்டமும் இருக்காது, டயோடு வெந்துபோகும். வாட்டர் வாஷில் டைனமோ மேல் நேராகப் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டிக்கு வேறு வழி. சூடானபோது ஆஃப் ஆகி, இருபது நிமிடம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். சிக்னலில் கால் எடுத்ததும் ஆஃப் ஆனால், இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியில் கரி. மேடு ஏறும்போது இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர்.

டைனமோ சரியான பிறகு, வடிந்த பேட்டரியை ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்து அப்படியே பெங்களூருக்குக் கிளம்பாதீர்கள். காலியான பேட்டரி முழு ஆம்பியரையும் இழுத்துப் புது டயோடைச் சுட்டுவிடும். 35 ஏஎச் பேட்டரியைக் கழற்றி, 3.5 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு வைத்து, காலையில் 12.6 காட்டுகிறதா பார்த்துவிட்டு மாட்டுங்கள்.